வீசம் வெளிச்சம்

கள்ளக்குறிச்சி, ஐப்பசி

மூன்று நாளாக மழை. வெளிவேலை எதுவும் இல்லை. அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அடித்தட்டிலிருந்து பழைய விவிட்டார் 285 ஃபிளாஷ் கைக்கு வந்தது. உள்ளே போட்ட செல்லை எடுக்க மறந்திருக்கிறேன். கசிந்து பச்சை பூத்துக் கிடக்கிறது. இனி எரியாது. முன்பக்கத்துத் திருகு மட்டும் இன்னும் டக், டக் என்று திரும்புகிறது. முழு பவர். அடுத்த சொடுக்கு 1/2. அடுத்தது 1/4. அதற்கு அடுத்தது 1/16. நடுவில் எட்டில் ஒன்று கிடையாது.

இந்தத் திருகில்தான் நான் தொழில் படித்தேன். 1992. துருகம் சாலையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது ஸ்டுடியோ. அப்போது நாங்கள் தென்னார்க்காடு மாவட்டத்துக்காரர்கள். மறுவருஷம் விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் ஆனோம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சியே மாவட்டம். மாடிப்படி மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

ஸ்டுடியோ அண்ணன் பவரை 'ஒன் பை ஃபோர்' என்றெல்லாம் சொல்ல மாட்டார். அவருடைய தாத்தா திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்தவர். கீழ்வாய் இலக்கம் என்ற பின்னக் கணக்கு பேரன் நாக்கிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அரை, கால், அரைக்கால், வீசம் என்பார். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. மாகாணி என்றாலும் அதுதான். அதையும் பாதியாக்கினால் அரைவீசம், முப்பத்திரண்டில் ஒன்று. பிறகு கால்வீசம், அறுபத்து நான்கில் ஒன்று. பிறகு அரைக்கால்வீசம், நூற்று இருபத்தெட்டில் ஒன்று.

இன்று என் பையில் இருக்கும் ஃபிளாஷின் திரையில் 1/1 தொடங்கி 1/128 வரை எட்டுப் படிகள். எட்டுக்கும் நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. ஒவ்வொரு படியும் முந்தையதில் பாதி. படமெடுக்கிறவர்கள் கணக்கில் ஒரு ஸ்டாப். நெல் அளந்தவர்களும் நிலத்தில் பங்கு பிரித்தவர்களும் புழங்கிய சொற்கள் இவ்வளவு பொருந்தி வந்து உட்காரும் என்று அந்தத் தாத்தா நினைத்திருக்க மாட்டார்.

மறுநாள். மழை விடவில்லை.

திருகில் இல்லாத அந்த அரைக்காலைப் பற்றி எழுதிவைக்க வேண்டும்.

285-க்கு கைடு நம்பர் அடிக்கணக்கில் 120, ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு. அந்த எண்ணை அப்பர்ச்சரால் வகுத்தால் வருவது தூரம். எஃப் 8 வைத்தால் பதினைந்து அடி. பவரைக் காலாகக் குறைத்தால் கைடு நம்பர் காலாகாது, பாதியாகும்: 60. ஆக எஃப் 8-க்கு ஏழரை அடி. புதுப்பையன்கள் தடுக்கி விழும் இடம் இது. கொடுத்தது காலாகக் குறைந்தாலும் எட்டுவது பாதிக்குத்தான் குறையும். தூரத்தை இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாக நீர்த்துப்போகிறதே, அதே கணக்கைத் திருப்பிப் போட்டது.

மணவறையில் எனக்கு வாய்க்கும் இடம் பெரும்பாலும் ஐந்தே கால் அடி. ஒரு பக்கம் ஐயர், ஒரு பக்கம் தாய்மாமன், முதுகில் வீடியோக்காரரின் முழங்கை. எஃப் 8-ல் அந்தத் தூரத்துக்குச் சரியான பவர் அரைக்கால். திருகில் அது இல்லை. கால் வைத்தால் ஒரு ஸ்டாப் கூடுதல். பொண்ணு நெற்றியில் சுட்டி கரைந்துபோகும். வீசம் வைத்தால் ஒரு ஸ்டாப் குறைவு; மாப்பிள்ளையின் தலைமுடியும் பின்னால் இருக்கும் திரையும் ஒன்றாகிவிடும். அப்பர்ச்சரை மாற்றினால் போச்சு என்று தோன்றும். ஆனால் தாலி கட்டும் கை, குனிந்த முகம், பின்னால் விளக்குப் பிடித்து நிற்கும் நாத்தனார் மூன்றும் ஃபோகஸில் நிற்க எஃப் 8 வேண்டும். அதைத் தொடக் கூடாது என்பது ஸ்டுடியோ சட்டம்.

"கால்ல வெச்சிக்க. ரெண்டேகால் அடி பின்னால போ" என்றார் அண்ணன்.

"எடம் இல்லேன்னா?"

"கைக்குட்டைய மடிச்சி மூஞ்சில போத்து." ஃபிளாஷின் மூஞ்சியில்தான். வெள்ளைக் கைக்குட்டை, ஒரு மடிப்பு, ஏறக்குறைய ஒரு ஸ்டாப் தின்னும்.

ஆக, அரைக்காலைக் காலால்தான் கண்டுபிடித்தோம். ஸ்டுடியோத் தரையில் சாக்பீஸ் கோடுகள் இருக்கும்: 4 அடி, 5.6 அடி, 8 அடி, 11 அடி, 16 அடி. அப்பர்ச்சர் வளையத்தில் இருக்கும் அதே எண்கள். இந்த வரிசையில் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குத் தள்ளிப்போனால் வெளிச்சம் சரிபாதியாகும். விளக்கை அணைத்துவிட்டு நடக்கச் சொல்வார். இருட்டில் நின்று, "இது எத்தனை அடி?" என்று கேட்பார். ஆறு மாதம் ஆயிற்று, கால் சொல்வதை நம்ப. அந்த வரிசையை யாரும் எனக்கு வகுப்பெடுத்து விளக்கவில்லை. பாதம் படித்துக்கொண்டது, தலை ரொம்ப நாள் கழித்துப் புரிந்துகொண்டது.

கார்த்திகை தீபம்

வாசலில் அகல் வைத்துவிட்டுத் திரியைத் தாழ்த்தினாள் மகள். சுடர் சிறுத்தது. பல வருஷம் நான் ஃபிளாஷையும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பவர் குறைத்தால் மங்கலாக எரியும், கூட்டினால் பளிச்சென்று எரியும் என்று.

அப்படி இல்லை. ஃபிளாஷுக்கு மங்கலாக எரியத் தெரியாது. குறைத்தால் சீக்கிரம் நின்றுவிடும். அவ்வளவுதான்.

நாலு பென்சில் செல், ஆறு வோல்ட். அதை உள்ளே இருக்கும் சுற்று ஏறக்குறைய 330 வோல்ட்டுக்கு ஏற்றி ஒரு கப்பாசிட்டரில் தேக்குகிறது. அந்தத் தேக்கம் ஏறும்போது கேட்பதுதான் மெல்லிசான 'கீங்' சத்தம். பட்டனை அழுத்தியதும் தேக்கியது செனான் அடைத்த கண்ணாடிக் குழாய்க்குள் பாய்கிறது. முழு பவரில் தேங்கியது தீரும்வரை பாயும். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியோ அதைவிடச் சற்றுக் கூடுதலோ ஆகும். வீசத்தில் வைத்தால் அதே வேகத்தில்தான் கிளம்பும். பாதி வழியில் கதவை மூடிவிடுவார்கள். 1/128-ல் இருபதாயிரத்தில் ஒரு பங்கு விநாடிகூட நிற்காது.

எங்கள் பக்கத்தில் முறைத் தண்ணி உண்டு. வாய்க்காலில் ஓடுவது ஒரே ஓட்டம். ஒருவருக்கு ஒரு மணி நேரம், இன்னொருவருக்கு அரை மணி. சின்னப் பங்குக்காரர் என்பதற்காகத் தண்ணீர் மெதுவாக ஓடாது. அவர் மடை சீக்கிரம் அடைபடும். மடையைப் பார்த்துக்கொண்டு ராத்திரி வரப்பில் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால், 'இதுல என்னடா அதிசயம்' என்றிருப்பார்.

ஆரம்பகாலத் தானியங்கி ஃபிளாஷ்களில் மடையை அடைத்தபின் மிச்சத் தண்ணீரை வீணாகக் கீழே விட்டுவிடுவார்கள். மிஞ்சிய மின்சாரம் இன்னொரு குழாயில் பாய்ந்து ஒழியும். தைரிஸ்டர் வந்த பிறகு மிச்சம் கப்பாசிட்டரிலேயே தங்கிற்று. அதனால்தான் வீசத்தில் வைத்துச் சுட்டால் ரெடி லைட் அணைந்ததே தெரியாமல் மறுபடி எரிகிறது. முழு பவரில் அஞ்சாறு விநாடி காத்திருக்க வேண்டும். அந்த அஞ்சாறு விநாடியில் தாலி ஏறிவிடும்.

ஒருமுறை பழுது பார்க்கிறேன் பேர்வழி என்று 285-ஐக் கழற்றினேன். செல்லை எடுத்துவிட்டோமே என்ற தைரியம். அடித்த அடியில் ஸ்டூலோடு சாய்ந்தேன். செல் போனாலும் தேக்கம் போகாது. அண்ணன் டீயைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அது ஏரி. மதகை மூடிட்டா தண்ணி இல்லேன்னு அர்த்தமா?"

குறுகிய பாய்ச்சலுக்கு ஒரு பலன் உண்டு. கல்வராயன் மலையில் பெரியார் அருவிக்குப் பக்கத்தில், நிழல் விழுந்த பாறை இடுக்கில் அதைப் பார்த்தேன். முழு பவரில் எடுத்த படத்தில் தண்ணீர் பஞ்சாக இழுபட்டிருந்தது. ஃபிளாஷைப் பாறைக்கு இரண்டடி கிட்டே கொண்டுபோய், பவரைக் கால்வீசத்துக்கு இறக்கியதும் ஒவ்வொரு துளியும் கண்ணாடி மணியாக நின்றது. அந்த இருட்டில் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஒன்றுதான். வெளிச்சம் இருந்த நேரம் மட்டுமே படம். எம்ஐடியில் ஹரால்ட் எட்ஜர்டன் 1957-ல் பால் துளி தெறித்துக் கிரீடம் ஆவதைப் படமாக்கியது இந்த வழியில்தான். அவர் கருவி வேறு, வேகம் இன்னும் வேறு, தத்துவம் ஒன்று. வேகத்தை நிறுத்திக் காட்டப் பலம் கூடுதலாக வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறோம். குறைவாகத்தான் வேண்டும். கூடவே, கிட்டே போக வேண்டும்.

கார்த்திகை, முகூர்த்த நாள். சேலம் ரோட்டில் ஒரு மண்டபம்

என்னோடு உதவிக்கு வரும் பையன் ஃபிளாஷை டிடிஎல்-லில் வைத்திருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதில் தப்பில்லை, ஓடி ஓடி எடுக்கும் இடத்தில் நானும் அதைத்தான் வைப்பேன்.

டிடிஎல் என்பது ஃபிளாஷே கணக்குப் போடுவது. முதலில் ஒரு சின்ன முன்வெட்டு வெட்டும். அது பட்டுத் திரும்பியதை லென்ஸ் வழியாக அளந்து, உண்மையான வெட்டுக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும். அதற்குத் தெரிந்த உலகம் நடுத்தரச் சாம்பல் நிறம். எது வந்தாலும் அந்தச் சாம்பலுக்கு இழுக்கும். சட்டகம் முழுக்க வெள்ளை வேட்டி நின்றால் 'அடேயப்பா, ரொம்ப வெளிச்சம்' என்று பயந்து குறைக்கும். வேட்டி அழுக்காக வரும். கறுத்த மனிதர் அரக்குப் பட்டுத் திரைக்கு முன்னால் நின்றால் 'அடடா, இருட்டு' என்று கூட்டும். அவர் முகம் வெந்த மாவு மாதிரி ஆகிவிடும். இந்த ஊரில் ஒரு மணவறைக்குள் வெள்ளை வேட்டியும் அரக்குப் பட்டும் கறுத்த முகமும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில். கேமராவைக் கொஞ்சம் இடம் வலம் திருப்பினால் போதும், அடுத்தடுத்த படத்தில் ஒரே ஆள் இரண்டு நிறம்.

பவரை நாமே வைக்கும் மேனுவலில் இந்தப் பயமும் கிடையாது, இரக்கமும் கிடையாது. தூரம் மாறாதவரை வெளிச்சம் மாறாது. ஏழரை அடிக்கு இவ்வளவு என்று வைத்தால் ஏழரை அடியில் வெள்ளை வெள்ளையாகவும் கறுப்பு கறுப்பாகவும் நிற்கும். ஆள் ஓரடி முன்னால் வந்தால்தான் சிக்கல். அதற்குத்தான் கால்.

இன்னொன்று. மாப்பிள்ளையின் பாட்டி எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருந்தார். பையன் ஐந்து தடவை எடுத்துவிட்டு, "ஆயா, கண்ணத் தொறங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அந்தம்மா என்ன செய்வார், முன்வெட்டுக்கு இமை மூடுகிறது. நிஜ வெட்டு வரும்போது இமை மூடியிருக்கிறது. மேனுவலுக்கு மாற்றி, "அரைக்கால்" என்றேன். 1/8-க்குத் தள்ளினான். ஒரே வெட்டு. கண் திறந்திருந்தது. ஆயா சிரிக்கவில்லை, ஆனால் பார்த்தார்.

ஷட்டர் பற்றியும் அவன் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதிவைக்கிறேன். பவர் ஃபிளாஷுக்கு மட்டும். ஷட்டர் மண்டபத்து வெளிச்சத்துக்கு மட்டும். அப்பர்ச்சர் இரண்டுக்கும் பொது. மண்டபத்தின் சீரியல் விளக்கெல்லாம் தெரிய வேண்டுமா, ஷட்டரை நீட்டு. முகம் அப்படியே இருக்கும். குறுக்குவது மட்டும் ஓர் எல்லை வரைக்கும்தான். நான் படித்த பென்டாக்ஸ் கே1000-க்கு 1/60. இவன் கையில் இருப்பதற்கு 1/200. தாண்டினால் ஷட்டரின் திரை குறுக்கே வந்துவிடும். ஒரு நிச்சயதார்த்தம் முழுவதையும் 1/125-ல் எடுத்து, எல்லாப் படத்திலும் ஓர் ஓரத்தைக் கறுப்பாக்கிக் கொண்டுவந்தவன் நான். அண்ணன் திட்டவில்லை. இரண்டு நாள் பேசவும் இல்லை.

அவனிடம் சொல்லாத ஒன்று. பெண் வீட்டார் ஆல்பம் பார்க்கும்போது கேட்பார்கள்: "இன்னும் கொஞ்சம் வெள்ளையா காட்டியிருக்கலாமே?" முப்பது வருஷமாகக் கேட்கிறார்கள். காட்டியிருக்கிறேன். அரை ஸ்டாப் கூட்டினால் போதும், மூக்கின் வரி போய்விடும், கன்னம் தட்டையாகும், நிறம் ஏறும். காசு வாங்கிக்கொண்டு எத்தனை பெண்களின் முகத்தை இப்படித் துடைத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

அதே வாரம்

மரச்சிற்பம் செய்கிற பட்டறை ஒன்றில் கதவு ஒன்றைப் படமெடுக்க வேண்டியிருந்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இப்படிப்பட்ட வேலைகள் அவ்வப்போது வருகின்றன.

கேமரா மேல் ஃபிளாஷை வைத்து நேரே வெட்டினேன். ஆறு மாத உளிவேலை சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரி ஆயிற்று. ட்ரிகர் மாட்டி, ஃபிளாஷைக் கழற்றி, கதவின் இடது ஓரத்தில் பலகையை உரசுகிற மாதிரி வைத்தேன். அரைவீசம் போதுமாக இருந்தது. யாளியின் பிடரி எழுந்து நின்றது. இலையின் நரம்பு, அதன் மேல் உளி வழுக்கிய ஒரு சின்னத் தழும்புகூட.

சிற்பி திரையைப் பார்த்துவிட்டு, தான் வேலை செய்கிற இடத்தைக் காட்டினார். ஜன்னல் இடது கைப்பக்கம். அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். "நெழல் விழுந்தாத்தாங்க உளி எங்க போவுதுன்னு தெரியும்." நான் ட்ரிகர் வாங்க ஒரு மாத வருமானம் செலவழித்தேன். அவரிடம் ஜன்னல் இருந்தது.

ஒரு பழைய குறிப்பு, சித்திரையில் எழுதியது

கூவாகம். கூத்தாண்டவர் கோயிலில் இரவு பூசாரியிடம் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர் முகத்தில் ஃபிளாஷ் படும்போது அவர்களும் திரும்பிச் சிரிக்கிறார்கள். அது கொண்டாட்டம், அதில் எங்களுக்கும் இடம் உண்டு. மறுநாள் அழுகளத்தில் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளை உடுத்தும்போதும் அதே முழு பவர், அதே தூரம், அதே கூட்டம். நல்ல வெயிலில் ஃபிளாஷ் எதற்கு? கண்குழியின் நிழலை நிரப்புவதற்கு என்று தொழில் சொல்கிறது. அழுகிறவரின் கண்குழியில் நிழல் இருந்தால் என்ன? நான் செல்லைக் கழற்றிப் பையில் போட்டேன். பெருமைக்காக எழுதவில்லை. அதற்கு முந்தைய நான்கு வருஷம் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

மார்கழி. மலைக்குப் போகிற வழி

கல்யாணம் இல்லாத மாதம். கள்ளக்குறிச்சியில் கல்லூரி படிக்கும் மலைப்பையன் ஒருவன், தன் ஆயாவை ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டான். அட்டைக்கு எடுத்ததைத் தவிர அவருக்குப் படமே இல்லையாம். சரி என்று அவனோடு கிளம்பினேன்.

கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை வரை வானம் தெளிவு. ஏற ஏறப் பனி. வெள்ளிமலை நெருங்கும்போது வண்டி விளக்குக்கு முன்னால் வெள்ளைச் சுவர். மரவள்ளிக் காட்டின் ஓரத்தில் நிறுத்தி, தலையில் விறகோடு வந்த பெண்கள் இருவரை அவர்கள் சம்மதத்தோடு எடுத்தேன். ஃபிளாஷ் கேமராவின் மேலேயே இருந்தது. படத்தில் பெண்கள் இல்லை; பால். பவரைக் குறைத்தேன். மங்கலான பால். இன்னும் குறைத்தேன். சாம்பல் நிறப் பால்.

பவரால் தீராத காரியம் இது. என் மூக்குக்கு முன்னால் இருக்கும் பனித்துளியும் பத்தடி தள்ளி நிற்கும் மனிதரும் சேர்ந்தே குறைகிறார்கள். கிட்டத்தில் இருக்கும் துளிக்கு வெளிச்சம் பல மடங்கு கூடுதலாகக் கிடைப்பதை எந்தப் படியும் மாற்றாது. வண்டியில் ஹை பீம் போட்டால் பாதை இன்னும் மறைவது போல. ஃபிளாஷைக் கழற்றிப் பையனிடம் கொடுத்து, அவர்களுக்குப் பக்கவாட்டில், பனிக்குப் பின்னாலிருந்து வெட்டச் சொன்னேன். விறகின் விளிம்பு வந்தது. மூச்சுப் புகை வந்தது.

திருகைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எனக்கு எதிலும் உள்ள பழக்கம். நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும் என்று கடைசியில்தான் தோன்றும்.

அன்று மாலை

இங்கே இருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் கதையைச் சொல்வார்கள். ஆயாவுக்கு வயது தெரியாது. மலையில் ஜாகீர் ஆட்சி முடிந்தபோது தனக்கு இரண்டு பிள்ளைகள் என்றார். ஜாகீர் போனது 1976. மற்றதை நாம் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மண்சுவர், புல் வேய்ந்த கூரை. மூலையில் அடுப்பு எரிகிறது. கம்பியில் ஒரு குண்டு பல்பு. திண்ணையில் உலர்த்திய கடுக்காய் ஒரு முறத்தில். உள்ளே நுழைந்து கண் பழக ஒரு நிமிஷம் ஆயிற்று.

ஜேக்கப் ரீஸ் நினைவுக்கு வந்தார். 1880-களின் கடைசியில் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் ராத்திரியில் நுழைந்து மெக்னீசியப் பொடியைக் கொளுத்திப் படமெடுத்தவர். 1890-ல் வந்த அவருடைய புத்தகத்தால் அந்த வீடுகளின் நிலை ஊருக்குத் தெரிந்தது, நல்ல காரியம்தான். ஆனால் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழித்த முகங்கள் அந்தப் படங்களில் இருக்கின்றன. பொடியால் வீட்டுக்கே தீப்பற்றியதும் உண்டு. இருட்டான வீட்டுக்குள் அளவு தெரியாத வெளிச்சத்தோடு போவது அன்றிலிருந்து தொடர்கிறது. புல் கூரைக்குக் கீழே நின்று அதை நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் என்றால் ஃபிளாஷைக் கூரைக்குத் திருப்பினால் போதும், வெள்ளைக் கூரை வெளிச்சத்தைப் பரப்பிக் கீழே அனுப்பும். (பச்சை பெயின்ட் அடித்த மண்டபம் ஒன்று உண்டு. அங்கே பவுன்ஸ் செய்தால் சொந்தக்காரர்கள் எல்லோரும் காமாலைக்காரர்கள்.) இங்கே கூரை பல வருஷப் புகையில் கறுத்திருக்கிறது, கொடுத்ததைக் குடித்துவிடும். 'அபராஜிதோ' படத்துக்காக சுப்ரதா மித்ரா காசி வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் அமைத்தபோது, மேலே வெள்ளைத் துணியைக் கட்டி அதில் விளக்கைப் பட வைத்து வானத்து வெளிச்சத்தை இறக்கினார். 1956-ல் வந்த படம். எனக்கு அவ்வளவு பெரிய துணி தேவையில்லை. பேரனின் வெள்ளை வேட்டியை இரண்டு மூங்கிலில் கட்டினோம். ஃபிளாஷின் முகத்தில் ஆரஞ்சு ஜெல் ஒட்டினேன், அடுப்பு வெளிச்சத்தோடு நிறம் ஒத்துப்போக. இல்லாவிட்டால் ஆயாவின் ஒரு கன்னம் நீலமாகவும் ஒரு கன்னம் செம்பாகவும் இருக்கும்.

"மின்னல் அடிக்குமா சாமி?" என்றார் ஆயா.

"சின்னதா அடிக்கும் ஆயா."

முதலில் ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம். ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, 1/30. அடுப்பு இருந்தது, பல்பு இருந்தது, சுவரில் நிழல் இருந்தது. ஆயாவின் கண் இருந்த இடத்தில் மட்டும் இரண்டு குழி. வீட்டின் வெளிச்சம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் செய்துவிட்டிருந்தது. குறைந்தது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

வீசத்தில் வைத்தேன். முகம் வந்தது, வீடு போயிற்று. அடுப்பு எரிகிற வீடாகத் தெரியவில்லை. ஸ்டுடியோவில் அடுப்புப் படம் தொங்கவிட்டது போல் இருந்தது. ஆயாவின் நிறமும் அவருடையது இல்லை. காலமெல்லாம் வெயிலில் சாமையும் மரவள்ளியும் விளைவித்து ஏறிய அந்தக் கருங்காலி நிறம் வெளிறி, நான் சேலம் ரோட்டு மண்டபத்தில் துடைத்துக் கொடுக்கிற முகங்களில் ஒன்று ஆகியிருந்தது. பேரன் எட்டிப் பார்த்து, "நல்லாருக்குண்ணே" என்றான். மரியாதைக்குச் சொன்னான்.

அரைவீசம். நெற்றியின் பளபளப்பு தணிந்தது. மூக்குத்தியில் ஒரு புள்ளி மட்டும். கழுத்துச் சுருக்கங்கள் திரும்பி வந்தன.

கால்வீசம். வெட்டியதே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வேட்டி ஒரு தடவை மூச்சு விட்டது போல் இருந்தது. திரையில் பார்த்தேன். கண்குழிக்குள் கண். அதற்குள் ஒரு சின்ன ஆரஞ்சுப் பொறி, வேட்டியிலிருந்து வந்ததா அடுப்பிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியவில்லை. சுவரில் பல்பின் மஞ்சள் வட்டம். பின்னால் அடுப்பின் சிவப்பு, புகை, கரி படிந்த பானை. இன்னும் ஒரு படி குறைத்தும் பார்த்தேன். அது வெட்டாததற்குச் சமம். திரும்பக் கால்வீசத்துக்கு வந்து அங்கேயே விட்டேன். முப்பது படம் எடுத்திருப்பேன். ரெடி லைட் ஒரு தடவைகூடக் காக்க வைக்கவில்லை.

ஆயா அசையாமல் உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக, கை இரண்டும் முழங்காலில். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் எடுக்கலியா சாமி? மின்னல் அடிக்கலியே" என்றார்.

எடுத்தாயிற்று என்று சொல்லி, கேமராவைக் கொண்டுபோய்த் திரையைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கி, கேமராவைத் தள்ளிப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். பேரன் தோளுக்கு மேல் எட்டி, "யாருன்னு தெரிதா ஆயா?" என்றான். அவர் விரல் திரையில் முகத்தைத் தாண்டி, வலது மூலைக்குப் போயிற்று.

"அடுப்பு அணையுது பாரு" என்று எழுந்து போய், விறகை உள்ளே தள்ளினார்.